1999ஆம் ஆண்டு மென்பொருள் விண்டோஸ் 11ல் திறக்கவில்லை, அப்பாவின் பறவைக் குறிப்புகள் உள்ளே இருக்கின்றன

கூடுதேடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அப்பா பறவை பார்ப்பவர். எந்த நாள், எந்த இடம், என்ன பறவை, எத்தனை, கூடு இருந்ததா என்று 1999லிருந்து ஒரு சின்ன மென்பொருளில் பதிந்து வருகிறார். தனி ஒருவர் எழுதி சிடியில் கொடுத்தது. எழுதியவரை இப்போது தொடர்புகொள்ள வழியில்லை, புதிய பதிப்பும் வந்ததில்லை. போன மாதம் பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது. அப்பாவுக்குப் புது லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11.

சிடியைப் போட்டு செட்டப்பை டபுள் கிளிக் செய்தால் 'இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது' என்று ஒரு நீலப் பெட்டி வருகிறது, அவ்வளவுதான். கம்பேட்டிபிலிட்டி பகுதியில் விண்டோஸ் 98, எக்ஸ்பி எல்லாம் வைத்துப் பார்த்தேன். ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகவும் திறந்து பார்த்தேன். அதே பெட்டிதான். எனக்குப் புரியாத விஷயம், பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தபோது இதே சிடி ஒரு தொந்தரவும் இல்லாமல் ஏறியது. அப்படியென்றால் சிடியில் கோளாறு இல்லை, இல்லையா?

பழையவட்டு

சிடியில் கோளாறு இருக்காது. இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, பழைய கணினியில் இருந்த விண்டோஸ் 7, 32 பிட்டா 64 பிட்டா (விண்டோஸ் இந்த இரண்டு வகையில் வந்தது, 64 பிட்தான் புதியது)? இரண்டு, அந்த செட்டப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும், பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிடுங்கள். தொடக்கத்தில் எம் இசட் என்ற இரண்டு எழுத்து இந்த மாதிரி இயங்கும் ஃபைல் எல்லாவற்றிலும் இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே பி இ என்று இருக்கிறதா, என் இ என்று இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கை எதிலும் மாட்டி வேலை செய்யத் தொடங்கும் முன் முழுசாக ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஃபோல்டரை இழுத்துப் போடும் நகல் போதாது, டிஸ்கையே அப்படியே படியெடுக்கும் இமேஜ் வேண்டும். வேலையெல்லாம் நகலில்தான். மூலத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். 1999லிருந்து பதிவு என்கிறீர்கள், அதில் ஒரு வரிகூட நம்மால் திரும்ப எழுத முடியாது.

கூடுதேடி

நன்றி. யுஎஸ்பி அடாப்டர் வைத்து டிஸ்க் இமேஜ் எடுத்துவிட்டேன், நான்கு மணி நேரம் ஆனது. விண்டோஸ் 7, 32 பிட்தான், அதில் 2 ஜிபி ரேம் மட்டுமே இருந்தது. செட்டப்பில் என் இ என்று இருக்கிறது.

நள்ளிரவுநிரல்

அப்படியானால் காரணம் தெளிவு. என் இ என்றால் அது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல். 32 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை ஓட்ட என்டிவிடிஎம் என்று ஒரு அடுக்கு உண்டு. 64 பிட் விண்டோஸில் அந்த அடுக்கே கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது, விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருகிறது. உங்கள் விண்டோஸ் 7ல் ஏறியதும் இதில் ஏறாததும் இதனால்தான். 7க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், 32க்கும் 64க்கும் உள்ள வித்தியாசம் இது.

கம்பேட்டிபிலிட்டி பகுதி ஏன் உதவவில்லை என்றால், நிரல் 'இது எந்த விண்டோஸ்?' என்று கேட்கும்போது '98' என்று பதில் சொல்வதும், சில பழைய நடத்தைகளைத் திரும்பக் கொண்டுவருவதும்தான் அதன் வேலை. நிரல் தொடங்கினால்தானே கேள்வி கேட்கும்? இங்கே தொடங்கவே இல்லை.

ஆனால் செட்டப் 16 பிட் என்பதால் உள்ளே இருக்கும் மென்பொருளும் 16 பிட் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் 32 பிட் மென்பொருளுக்கும் 16 பிட் செட்டப் வைப்பது மிகச் சாதாரணம். செட்டப் உறைதான், மென்பொருள் வேறு. சில பிரபலமான 16 பிட் செட்டப்களை, உதாரணமாக இன்ஸ்டால்ஷீல்டு 5 வகையை, 64 பிட் விண்டோஸ் தானே அடையாளம் கண்டு 32 பிட் மாற்றை ஓட்டும். உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை போல.

எனவே செட்டப்பை மறந்துவிடுங்கள். டிஸ்க் நகலில் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே அந்த மென்பொருளின் ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள முதன்மை ஃபைலை அதே மாதிரி நோட்பேடில் பாருங்கள். பி இ என்றால் அது 16 பிட் இல்லை, பாதி வேலை முடிந்தது.

மெய்நிகர்

எதற்கு இவ்வளவு சுற்று? கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு அதற்குள் 32 பிட் எக்ஸ்பி ஒன்றை நிறுவி, அதே சிடியை அதில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நான் மூன்று பழைய மென்பொருளை இப்படித்தான் ஓட்டுகிறேன். எல்லாம் ஒரே கோப்புக்குள் இருப்பதால் அடுத்த லேப்டாப் மாற்றும்போதும் அப்படியே தூக்கிப் போகலாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ல் முடிந்துவிட்டது, அதனால் உள்ளே இணைய இணைப்பை மட்டும் அணைத்துவிட வேண்டும்.

பழையவட்டு

மெய்நிகர் சொல்வது நல்ல வழி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இதை இயக்கப்போவது கூடுதேடியின் அப்பா. கணினிக்குள் இன்னொரு கணினியைத் திறந்து, அதை ஒழுங்காக மூடி, உள்ளே சேமித்ததை வெளியே எடுப்பது என்றால் அவருக்குத் தினமும் ஒரு சுமை. நேரடியாக ஓடுமானால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம். முடியாவிட்டால் வர்ச்சுவல்பாக்ஸ்.

கூடுதேடி

பி இ! அந்த ஃபோல்டரைப் புது லேப்டாப்பில் புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 உள்ளே வைத்தேன். திறந்தால் நீலப் பெட்டி வரவில்லை, வேறு ஒன்று வருகிறது. ரன்டைம் எர்ரர் 339, எம்எஸ்ஃப்ளெக்ஸ்ஜிஆர்டி ஓசிஎக்ஸ் சரியாகப் பதிவாகவில்லை என்கிறது. தேடினால் அந்த ஃபைலைத் தரவிறக்கத் தரும் தளங்கள் ஏகப்பட்டது வருகின்றன, எதிலிருந்து எடுக்கலாம்?

நள்ளிரவுநிரல்

எதிலிருந்தும் எடுக்க வேண்டாம். டிஎல்எல், ஓசிஎக்ஸ் போன்ற துணை ஃபைல்களைத் தனியாகத் தரும் தளங்கள் உண்மையில் என்ன தருகின்றன என்று உங்களால் சரிபார்க்க முடியாது. உங்களிடம் உள்ள பழைய டிஸ்கிலேயே அந்த ஃபைல் இருக்கிறது, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32 உள்ளே. இருபது வருடம் அதே மென்பொருளோடு வேலை செய்த அதே ஃபைல், அதைவிடப் பொருத்தமானது எங்கும் கிடைக்காது.

பிழைச் செய்தியைப் பார்த்தால் இது விஷுவல் பேசிக் 5 அல்லது 6ல் எழுதியது. விஷுவல் பேசிக் 6ன் அடிப்படை ரன்டைம் விண்டோஸ் 11லும் கூடவே வருகிறது. கட்டம், பட்டியல் போன்ற துணைக் கருவிகள்தான் ஓசிஎக்ஸ் ஃபைல்கள், அவற்றை வழக்கமாக செட்டப் கொண்டுவந்து பதிவு செய்யும். செட்டப்பை நாம் தவிர்த்துவிட்டதால் அந்த வேலையை நாமே கையால் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு, கவனமாகப் படியுங்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பவைதான் 32 பிட். பெயர் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படித்தான். பழைய டிஸ்கில் சிஸ்டம்32லிருந்து எடுத்த ஓசிஎக்ஸைப் புதியதில் சிஸ்வாவ்64ல் வையுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சிஸ்வாவ்64க்குள் போய், ரெக்எஸ்விஆர்32 என்று தட்டி இடைவெளி விட்டு ஓசிஎக்ஸ் பெயரைக் கொடுங்கள். வெற்றி என்று சின்னப் பெட்டி வரும். அடுத்த முறை திறக்கும்போது இன்னொரு ஓசிஎக்ஸ் பெயர் சொல்லிக் கேட்கலாம், அதற்கும் இதே வேலை. பெயரே சொல்லாமல் நின்றால், நிரல் தொடும் ஃபைல்களைக் காட்டும் புராசஸ் மானிட்டர் கருவியை வைத்து எந்த ஃபைலைத் தேடித் தோற்கிறது என்று பார்க்கலாம்.

கூடுதேடி

மூன்று ஓசிஎக்ஸ் பதிந்த பிறகு திறந்துவிட்டது!!! அதே பச்சை நிற முகப்பு. ஒரு சோதனைப் பதிவு போட்டேன், சேமித்தது, மூடித் திறந்தால் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர்தான் கண்டுபிடித்தார். பதிவுகள் 2011 ஆகஸ்டோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு நான் போட்ட சோதனைப் பதிவு தவிர ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் கணினி போவதற்கு முந்தின வாரம் வரை பதிந்திருக்கிறார், நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பதின்மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குறிப்புகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். எனக்குக் கை ஓடவில்லை.

மெய்நிகர்

டிஸ்கில் பழுதுபட்ட பகுதி இருக்கலாம். டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்கள், அல்லது அழிந்த ஃபைல் மீட்கும் மென்பொருள் ஏதாவது பாருங்கள்.

பழையவட்டு

தயவுசெய்து மூல டிஸ்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். சரிசெய்யும்படி ஓட்டினால் அது டிஸ்கில் எழுதும், சிலவற்றை மாற்றிவிடும். நகலில் வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். 2011 ஆகஸ்டு வரை சுத்தமாக இருந்து அதற்குப் பிறகு மட்டும் இல்லை என்பது டிஸ்க் பழுது மாதிரித் தெரியவில்லை. பழுது என்றால் அங்கங்கே ஓட்டை விழும், ஒரு தேதியில் கோடு கிழித்த மாதிரி நிற்காது.

நள்ளிரவுநிரல்

கூடுதேடி, அந்தக் கணினியில் எக்ஸ்பியை மாற்றி விண்டோஸ் 7 போட்டது எப்போது?

கூடுதேடி

2011ல்தான். மாதம் நினைவில்லை, மழைக்கு முன்னால் என்று நினைக்கிறேன். பழைய ஃபோல்டரை வேறு இடத்தில் பத்திரப்படுத்தி, 7 ஏறியதும் செட்டப் ஓட்டி, ஃபோல்டரை அதே இடத்தில் திரும்ப வைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை. இப்போது பதற்றத்தில் மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பார்த்தேன், நான் போட்ட சோதனைப் பதிவும் காணோம். சாதாரணமாகத் திறந்தால் இருக்கிறது.

நள்ளிரவுநிரல்

தொடர்பு இருக்கிறது, அதுதான் விடையே. உங்கள் அப்பாவின் பதிவுகள் எங்கும் போகவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினியில் எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டர்தான், எந்த நிரலும் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே நினைத்ததை எழுதலாம். அதனால் அந்தக் கால நிரலாளர்கள் தரவுக் கோப்பையும் நிரலின் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். விஸ்டாவிலிருந்து அந்த ஃபோல்டரில் எழுதத் தடை வந்தது. தடை மட்டும் போட்டிருந்தால் ஆயிரக்கணக்கான பழைய மென்பொருள்கள் நின்றிருக்கும். அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு ஏற்பாடு செய்தது. பழைய 32 பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே எழுத முயன்றால், விண்டோஸ் அந்தக் கோப்பை முழுதாக நகலெடுத்து, பயனருடைய சொந்த ஃபோல்டரில் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் வைத்து, எழுத்தை அங்கே திருப்பிவிடும். படிக்கும்போதும் அந்த நகலைத்தான் காட்டும். நிரலுக்கு இது தெரியவே தெரியாது.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இந்தத் திருப்பம் நடக்காது, அசல் கோப்பே தெரியும். ஒரே மென்பொருள், திறக்கும் விதத்தைப் பொறுத்து இரண்டு தரவு. உங்கள் சோதனைப் பதிவு மறைந்தது அதனால்தான்.

இதையே பழைய கணினிக்குப் பொருத்திப் பாருங்கள். விண்டோஸ் 7 வந்த நாளில் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த கோப்பு அப்படியே உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா பதிந்த ஒவ்வொரு வரியும் வர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கிறது. நாம் உறைந்த கோப்பை எடுத்து வந்திருக்கிறோம். அதை எடுக்கச் சொன்னது நான், இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

டிஸ்க் நகலில் யூசர்ஸ், அப்பாவின் பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர், புரோகிராம் ஃபைல்ஸ் என்று வரிசையாகப் போங்கள். ஆப்டேட்டா மறைந்த ஃபோல்டர், மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். அனுமதி இல்லை என்றால் கன்டினியூ கொடுங்கள், நகல்தானே, பயமில்லை.

கூடுதேடி

இருக்கிறது.

எம்டிபி என்ற தரவுத்தளக் கோப்பு, கடைசியாக மாற்றிய தேதி போன மாதம். புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தது 2011 ஆகஸ்டு. திறந்துவிட்டேன், 1999லிருந்து கடைசி வாரம் வரை எல்லாம் இருக்கின்றன. 6,087 பதிவுகள். உறைந்த கோப்பில் 2,314தான் இருந்தது. அப்பாவிடம் கடைசிப் பதிவைப் படித்துக் காட்டினேன், தூக்கணாங்குருவிக் கூடு ஒன்பது. 'ஆமாம், ஒன்பதுதான்' என்றார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி.

பழையவட்டு

படித்து மகிழ்ந்தேன். இனி இது மறுபடி நேராமல் இருக்க, முழு ஃபோல்டரையும் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். சி டிரைவில் நேரடியாக 'பறவை' மாதிரி ஒரு ஃபோல்டர், இல்லை இல்லை, பழைய நிரல் என்பதால் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், இடைவெளியும் வேண்டாம். அங்கே எழுதத் தடை இல்லை, திருப்பமும் நடக்காது, ஒரே தரவுதான் இருக்கும். ஃபோல்டரில் ஐஎன்ஐ ஃபைல் (நிரலின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) இருந்தால் பழைய பாதை அதில் எழுதியிருக்கும், அதையும் மாற்றுங்கள். பிறகு புது லேப்டாப்பின் வர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள சோதனை நகலை நீக்கிவிடுங்கள்.

எழுத்தாணி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், என்னிடம் டாஸ் காலத்து நிரல் ஒன்று இருக்கிறது, டர்போ பாஸ்கலில் எழுதியது. டாஸ் நிரல்களைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓடும், ஆனால் அச்சு வரவில்லை. அதே நிரல் 32 பிட் விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் ரன்டைம் எர்ரர் 200 என்று உடனே நிற்கிறது.

நள்ளிரவுநிரல்

தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம். சுருக்கமாக, எர்ரர் 200 கணினி வேகமாக இருப்பதால் வருவது. டர்போ பாஸ்கலின் சிஆர்டி பகுதி தொடக்கத்தில் கணினி வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும், வேகமான செயலியில் விடை இடம் கொள்ளாமல் போய்விடும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், அதனால் அங்கே ஓடுகிறது. அச்சுக்கு டாஸ்பாக்ஸ் எக்ஸ் பாருங்கள், சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனதில் வைத்துச் செய்தது.

கூடுதேடி

பழையவட்டு சொன்னபடி மாற்றிவிட்டேன், நன்றாக ஓடுகிறது. எழுத்து மட்டும் மங்கலாக இருந்தது, கம்பேட்டிபிலிட்டியில் உயர் டிபிஐ அமைப்பை சிஸ்டம் என்ஹான்ஸ்ட் என்று வைத்ததும் தெளிவாகிவிட்டது.

ஆனால் தேதி வரிசை விசித்திரமாக இருக்கிறது. ஏப்ரல் 3ல் பார்த்தது மார்ச் 4ல் போய் நிற்கிறது. ஏப்ரல் 13 மட்டும் சரியாக ஏப்ரலில் இருக்கிறது.

நள்ளிரவுநிரல்

இனி ஒரு பதிவுகூடப் போட வேண்டாம், முதலில் இதைச் சரிசெய்யுங்கள். புது லேப்டாப்பில் தேதி வடிவம் மாதம் முதலில் என்று இருக்கும், பழையதில் நாள் முதலில் இருந்திருக்கும். விஷுவல் பேசிக் தேதியை விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும். 13 என்று ஒரு மாதம் இல்லாததால் அதை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிப் படித்துவிடும், பிழை என்று சொல்லாது. அதனால் பாதி சரி, பாதி தவறு. ரீஜன் அமைப்பில் குறுந்தேதியை நாள், மாதம், ஆண்டு என்று வையுங்கள். கோப்பில் எழுத்தாக இருப்பது மாறவில்லை, படிக்கும் விதம்தான் மாறியது, எனவே சரியாகிவிடும்.

ஆண்டை இரண்டு இலக்கமாக எழுதும் மென்பொருளா? அப்படியென்றால் இன்னொரு தொல்லை இருக்கிறது. பல காலமாக இருந்த இயல்பான அமைப்பில் 29 வரை 2029 என்றும், 30லிருந்து 1930 என்றும் படிக்கும். 2030 ஜனவரியில் அப்பா பார்க்கும் பறவை 1930ல் போய் உட்காரலாம்.

கூடுதேடி

தேதி சரியாகிவிட்டது. ஆண்டு இரண்டு இலக்கம்தான்.

மெய்நிகர்

அப்படியானால் இப்போதே தரவை வெளியே எடுத்து வையுங்கள். லினக்ஸ் கணினி ஏதாவது கிடைத்தால் எம்டிபி டூல்ஸ் என்ற கருவி ஒவ்வொரு அட்டவணையையும் சிஎஸ்வியாக, அதாவது வெறும் எழுத்துக் கோப்பாகத் தரும். மென்பொருள் 1999 என்பதால் கோப்பு, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் 97ன் வடிவமாக இருக்க வாய்ப்பு அதிகம், அக்சஸ் 2013லிருந்து அந்த வடிவத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். எம்டிபி டூல்ஸ் படிக்கும். விண்டோஸிலேயே செய்வதென்றால் சிஸ்வாவ்64 உள்ளே இருக்கும், தரவுத்தள இணைப்புகளை அமைக்கும் 32 பிட் ஓடிபிசி நிர்வாகியைத் திறங்கள், 64 பிட்டில் அந்தப் பழைய டிரைவர் கிடையாது.

மென்பொருளை இன்னும் சில வருடம் ஓட்டலாம். சிஎஸ்வியை எப்போதும் எதிலும் திறக்கலாம். நான் வர்ச்சுவல்பாக்ஸ் என்று அவசரப்பட்டது சரியில்லை, வர்ச்சுவல்ஸ்டோர் விஷயம் எனக்குத் தெரியாமல் அந்த உறைந்த கோப்பையே உள்ளே ஏற்றச் சொல்லியிருப்பேன்.

கூடுதேடி

ஒரு நண்பரின் லினக்ஸில் சிஎஸ்வி எடுத்தாயிற்று. எண்ணிப் பார்த்தேன், 6,087 வரிகளும் வந்திருக்கின்றன. மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை எம்டிபி கோப்பு தானாக நகலாகும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துவிட்டேன்.

அப்பா இன்று காலை முதல் பதிவு போட்டார், மீன்கொத்தி இரண்டு. ஒரே ஒரு கேள்வி மிச்சம், எஃப்1 அழுத்தினால் வரும் உதவிப் பக்கம் திறக்கவில்லை. அவருக்கு அதில் உள்ள குறியீட்டுப் பட்டியல் வேண்டுமாம்.

பழையவட்டு

அது எச்எல்பி வகைக் கோப்பு. அதைத் திறக்கும் நிரலை விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு தருவதில்லை, 10, 11க்கு அதிகாரப்பூர்வமான வழியும் இல்லை. ஹெல்ப்டெகோ என்ற கருவி அதைப் பிரித்து ஆர்டிஎஃப் கோப்பாக்கித் தரும், வேர்ட் எதிலும் திறக்கலாம். குறியீட்டுப் பட்டியலை அச்சிட்டு மேசையில் வைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்காது.